இடது புருவம்

பியர் போட்டிக்கு நடுவராகப் போகிற நாளில் மூக்கர் சோப்புப் போட்டுக் குளிக்கமாட்டார். பவுடர் கிடையாது, தலைக்கு எண்ணெய் கிடையாது, காலையில் காப்பியும் கிடையாது. வேறு எந்த வாசனையும் மூக்கில் ஏறிவிடக் கூடாதாம். காப்பி குடிக்காத மனிதரோடு ஒரே வீட்டில் இருப்பது என்ன பாடு என்பதை அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும். அந்த அம்மாள் அன்றைக்கு அவருக்கு எதிரில் வராமல் அடுக்களையிலேயே இருந்துகொண்டு, பாத்திரங்கள் மூலமாகத் தன் அபிப்பிராயத்தைத் தெரிவித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அன்று அவர் முகம் செத்துப்போயிருந்ததற்குக் காரணம் காப்பி இல்லை. விடிந்ததும் விடியாததுமாக ஆலைக்குப் போய், தம்பியோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார்.

மூக்கர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, தொழில்காரர்கள் வைத்தது. முகத்தில் மற்றதெல்லாம் தயங்கித் தயங்கி வந்து சேர்ந்த மாதிரியும், மூக்கு மட்டும் முன்கூட்டியே வந்து நல்ல இடமாகப் பிடித்துக்கொண்ட மாதிரியும் இருக்கும். அளவு மட்டுமில்லை, வேலையும் அப்படித்தான். ஒரு குவளையை முகர்ந்தால் போதும், பியர் பழசாகி ஈர அட்டைப்பெட்டி வாசனை வந்துவிட்டது என்பார், வெயிலில் வைத்துவிட்டார்கள் என்பார், புளிக்கவைக்கிற ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன்பே எடுத்துவிட்டார்கள் என்பார். அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை.

அவரும் தம்பியும் சேர்ந்து ஒரு சின்ன பியர் ஆலை நடத்தினார்கள். ஆலை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்பு லாரி நிறுத்திய கொட்டகை, அதில் சில எவர்சில்வர் தொட்டிகள், எப்போதும் ஈரமாக இருக்கிற தரை, அவ்வளவுதான். அவர்கள் காய்ச்சுவது பழைய முறை லாகர், குளிரில் நெடுநாள் வைத்திருந்து எடுக்கிற பியர். முளைகட்டி உலர்த்திய பார்லி மால்ட், கசப்புக்கு ஹாப் பூ, ஈஸ்ட், தண்ணீர் இவற்றைத் தவிர வேறெதுவும் சேராது. மீதி வேலையைக் குளிரும் பொறுமையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுவை பார்ப்பதில் அவர்களுக்கென்று ஒரு முறை இருந்தது. தம்பி தொட்டியிலிருந்து ஒரு குவளை பிடிப்பான். பிடித்தவன்தான் முதலில் முகர்வான். பிறகு அண்ணன் கையில் கொடுத்துவிட்டு எதிரில் நிற்பான். அண்ணன் முகர்ந்து தீர்ப்புச் சொல்வார். தம்பி தலையாட்டுவான். ஆலை தொடங்கிய நாளிலிருந்து இதுதான் நடைமுறை, ஒருநாளும் மாறியதில்லை.

அன்று காலையில்தான் மாறியது. மறுநாள் பாட்டிலில் அடைக்கிற வண்டி வருவதாக இருந்தது. கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அண்ணன் குவளையை வாங்கி முகர்ந்து, "நல்லாருக்கு, அடைச்சிடலாம்" என்றார். தம்பி தலையாட்டவில்லை.

"வெண்ணெய் வாசனை அடிக்குதுண்ணே" என்றான்.

அது தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த தொல்லை. ஈஸ்ட் வேலை செய்கிறபோது வெண்ணெய் மாதிரி ஒரு வாசனையைக் கக்கும். அவசரப்படாமல் விட்டுவைத்தால் அதுவே திரும்ப விழுங்கிவிடும். அவசரப்பட்டால் அந்த வாசனை பாட்டிலுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். இன்னும் இரண்டு வாரம் போகட்டும் என்றான் தம்பி. தனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றார் அண்ணன். அப்படியே இருந்தாலும் இந்தப் பழைய வகைக்குக் கொஞ்சம் வெண்ணெய் இருக்கலாம், போட்டி விதியிலேயே இடம் இருக்கிறது என்றும் சொன்னார். கொஞ்சமா இது என்று தம்பி கேட்டான். தம்பி வாய்விட்டு எதிர்த்துப் பேசி அவர் கேட்டதே இல்லை. அவருக்குச் சுருக்கென்றது.

"மூக்கு உனக்கா எனக்கா?" என்று கேட்டுவிட்டார்.

தம்பி தொட்டிக் குழாயை மூடினான். பிறகு நிதானமாகச் சொன்னான். "நாளைக்கு இதை அடைச்சா நான் நின்னுக்கறேன்ணே. கோவத்துல சொல்லல. சாயந்தரம் வந்து முடிவைச் சொல்லு." சொல்லிவிட்டுத் தன் ரப்பர் பூட்ஸை எடுத்து ஒரு பைக்குள் வைத்தான். அந்தப் பையைக் கதவோரமாக வைத்தான்.

பூட்ஸ் பைக்குள் போனதைப் பார்த்த பிறகுதான் மூக்கருக்குப் பயம் வந்தது. தம்பி இல்லாத ஆலையை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. இருவருக்கும் நடுவில் ஆறு மாதமாக வேறொன்று கிடந்தது.

ஒரு பத்திரிகையில் அவர்கள் ஆலையைப் பற்றி எழுதியிருந்தார்கள். கட்டுரை முழுக்க அண்ணனின் மூக்குதான். தம்பியைப் பற்றி ஒரே ஒரு இடத்தில், "உதவியாளர் ஒருவரும் இருக்கிறார்" என்று வந்தது. ஆலையில் பாதி அவனுடையது, காய்ச்சுவதில் பாதிக்கு மேல் அவன் கை. எழுதியவருக்கு ஒரு போன் போட்டுத் திருத்தச் சொல்லியிருக்கலாம். மூக்கர் சொல்லவில்லை. போதாக்குறைக்கு அதைச் சட்டம் போட்டுச் சுவை பார்க்கிற மேசைக்கு மேலே மாட்டியும் வைத்தார். தம்பி அதைப் பார்த்தான், படித்தான், தொட்டி கழுவப் போய்விட்டான். கத்தியிருந்தால் சண்டை போட்டு அன்றைக்கே தீர்த்திருக்கலாம். அவன் கத்தாததால் மூக்கருக்குத் தம்பியின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் போயிற்று. குவளையை வாங்குவார், குவளையையே பார்த்துக்கொண்டு முகர்வார், சுவரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்.

இந்த ஆறு மாதத்தில் இரண்டு கடைகள் பியர் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டன. அவர்கள் குழாயைக் கழுவுவதில்லை என்று மூக்கர் வாதாடிவிட்டு வந்தார்.

போட்டி நடந்தது ஒரு வாடகைக் கூடத்தில். நீள மேசைகள், வெள்ளைத் தாள் விரிப்பு, ஒவ்வொரு மேசையிலும் ரொட்டித் துண்டும் தண்ணீரும். யார் காய்ச்சியது என்று தெரியாதபடி குவளைகளில் எண் மட்டும் ஒட்டியிருக்கும். ஒயின் பார்ப்பவர்கள் துப்பிவிடுவார்கள். பியர் நடுவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, கசப்பு தொண்டையில் இறங்கும்போதுதான் தெரியும் என்பதால் விழுங்கியே ஆக வேண்டும். இளவயதில் இதை ஒரு அதிர்ஷ்டமாக நினைத்தவர்தான் அவரும். இப்போது அந்தக் கூடத்தின் படியேறும்போதே முட்டி வலித்தது, வரிசையாக நின்ற குவளைகளைப் பார்த்ததும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாமா என்றிருந்தது.

அவர் மேசையில் அவரோடு சேர்த்து மூன்று பேர். ஒருவர் பல் டாக்டர், தடித்த மனிதர், சிரித்தால் மேசையே குலுங்கும். இன்னொருவர் ரசாயனம் சொல்லித்தருகிற டீச்சர், அதிகம் பேசாதவர். டாக்டர் மூக்கரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். இன்றைக்குத் தங்கள் மேசைக்கு வேலையே இல்லை, சார் சொல்வதை எழுதிக்கொண்டால் போதும் என்றார்.

முதல் குவளை போட்டிக்கானது இல்லை. எல்லா மேசைக்கும் ஒரே பியரைக் கொடுத்து, மூக்குகளைச் சுருதி சேர்த்துக்கொள்வார்கள். போட்டியை நடத்துகிற சங்கத்தின் செயலாளரம்மா மருந்துக்கடை வைத்திருப்பவர், கொஞ்சம் குறும்பு. கடையில் வாங்கிய சாதாரண லாகரில் என்னவோ ஒரு சொட்டு கலந்திருப்பதாகவும், என்னவென்று அவரவர் எழுத வேண்டும் என்றும் சொன்னார்.

மூக்கர் குவளையைச் சுழற்றினார், முகர்ந்தார், கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் முகர்ந்தார். மால்ட் வந்தது, ஹாப் பூ வந்தது. வேறொன்றும் வரவில்லை. குடித்துப் பார்த்தார். சுத்தமான பியர். ஒன்றும் கலக்காமலேயே கலந்ததாகச் சொல்லி அந்த அம்மாள் ஏமாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டு, 'குறை எதுவும் இல்லை' என்று எழுதினார்.

பக்கத்திலிருந்த டாக்டர் அதை எட்டிப் பார்த்தார். தான் எழுதியிருந்ததைப் பார்த்தார். சங்கடத்தோடு அதை அடித்துவிட்டு, தானும் 'குறை எதுவும் இல்லை' என்று எழுதினார்.

"வெண்ணெய்" என்று அறிவித்தார் செயலாளரம்மா. கூடம் முழுக்க ஆமாம் ஆமாம் என்று தலைகள் ஆடின. பாப்கார்ன் கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள். "தெரியாதவங்க வருத்தப்பட வேண்டாம். சில பேருக்கு இந்த ஒரு வாசனை மட்டும் பிறவியிலேயே தெரியாது. குடம் குடமா ஊத்தினாலும் தெரியாது" என்றார் அந்த அம்மாள். பொதுவாகத்தான் சொன்னார்.

டாக்டர் அடித்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் மூக்கர்மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது. மூக்கர் சிரித்து மழுப்பினார். காலையில் காப்பி குடிக்கவில்லை, மூக்கு இன்னும் முழிக்கவில்லை என்றார். டாக்டர் அதை நம்பினார். நம்ப ஆசைப்பட்டார் என்பதுதான் சரி. மூக்கர் தான் எழுதிய தாளைக் கவிழ்த்து வைத்தார்.

அதன் பிறகு பழைய முறை லாகர்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. முதலில் வந்ததில் வெயில் பட்ட நாற்றம். மூக்கர்தான் முதலில் பிடித்தார், மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அடுத்ததில் பழைய அட்டைப்பெட்டி. அதையும் அவர்தான் சொன்னார். கொஞ்சம் தெம்பு வந்தது. மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது, முதல் குவளையில் நடந்தது ஏதோ விபத்து என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அதற்கடுத்த குவளை வந்தது. டீச்சர் முகர்ந்தார். முகர்ந்தவுடன் அவர் உதடு லேசாக உள்ளே மடங்கியது.

"வெண்ணெய்" என்றார் மூக்கர்.

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கேலி இல்லை, நிஜமான ஆச்சரியம்தான் இருந்தது. "ஆமா சார். ஆனா நீங்க இன்னும் குவளையை எடுக்கவே இல்லையே?"

மேசையில் மூக்கரின் குவளை ஊற்றிய இடத்திலேயே, நுரைகூட அடங்காமல் இருந்தது. டாக்டர் மேசை குலுங்கச் சிரித்தார். இதற்குத்தானே மூக்கர் என்று பேர், தூரத்திலிருந்தே பிடித்துவிட்டார் பாருங்கள் என்றார். மூக்கரும் சிரித்து வைத்தார். பிறகு குவளையை எடுத்து மூக்கை அதற்குள் முழுசாக விட்டு முகர்ந்தார். மால்ட், ஹாப் பூ. அவ்வளவுதான். வெண்ணெய் என்று அவர் வாய் சொன்ன இடத்தில் மூக்குக்கு எதுவும் இல்லை.

பிறகு எப்படிச் சொன்னார்? டீச்சரின் உதட்டைப் பார்த்துச் சொன்னார். நினைத்துச் செய்யவில்லை, யோசிக்கவுமில்லை. நெடுநாள் பழக்கப்பட்ட கை இருட்டில் சுவிட்சைத் தேடிப் போடுகிற மாதிரி வாய் தானாகச் சொல்லியிருந்தது. அப்படியானால் இது நெடுநாள் பழக்கம். யார் முகத்தைப் பார்த்துப் பழகியது?

கேட்டுக்கொண்டவுடனே பதில் வந்துவிட்டது. தம்பி குவளையை முகர்கிறான். அவனுடைய இடது புருவம் மெல்ல மேலே ஏறுகிறது. குவளையை அண்ணன் கையில் கொடுக்கிறான். அண்ணன் வாங்கி, கண்ணை மூடி, நீளமாக மூச்சை இழுத்து, "வெண்ணெய் இருக்குடா, இன்னும் கொஞ்ச நாள் விடு" என்கிறார். தம்பி தலையாட்டுகிறான். எத்தனை வருஷம், எத்தனை தொட்டி. புருவம் ஏறாத நாளில் அவர் வெண்ணெய் என்று சொன்னதே இல்லை. இத்தனை காலமும் தன் மூக்கு சொல்கிறது என்றுதான் அவர் சத்தியமாக நம்பியிருந்தார்.

கடைகள் பியரைத் திருப்பி அனுப்பியது எப்போதிலிருந்து என்று நினைத்துப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லத் தொடங்கியதிலிருந்து.

அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக அலுப்பாக இருந்தது. யாரோ கொடுத்த சட்டையைத் தன் சட்டை என்று சொல்லி ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்தவருக்கு வருகிற அலுப்பு. குவளைகள் வந்துகொண்டே இருந்தன. அவர் விழுங்கினார், எழுதினார், தண்ணீர் குடித்தார், ரொட்டியைக் கடித்தார். மதிப்பெண் தாளில் வெண்ணெய் பற்றிய கட்டம் வந்தபோதெல்லாம் மற்ற இருவரும் சொல்லும்வரை பேசாமல் இருந்தார்.

கடைசிக்கு முந்தின குவளையில் டீச்சரும் டாக்டரும் முட்டிக்கொண்டார்கள். வெண்ணெய் இருக்கிறது, ஆனால் இந்தப் பழைய வகைக்குக் கொஞ்சம் இருக்கலாம், இது அந்தக் கொஞ்சத்துக்குள் அடங்கும் என்றார் டாக்டர். வரம்பு மீறிவிட்டது என்றார் டீச்சர். இரண்டு பேரும் மூக்கர் பக்கம் திரும்பினார்கள். இந்த வகையில் அவரைவிடத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்?

"இது கொஞ்சமா, அதிகமா? நீங்களே சொல்லிடுங்க சார்" என்றார் டீச்சர்.

காலையில் தம்பி கேட்டதும் இதையேதான். விதியில் இடம் இருக்கிறது என்று தம்பியின் வாயை அடைத்திருந்தார். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று ஒருநாளும் முகர்ந்தறியாதவர், அதை வைத்து வாதாடியிருக்கிறார். புருவம் இத்தனூண்டு ஏறினால் கொஞ்சம், நன்றாக ஏறினால் அதிகம் என்பதுதான் அவர் படித்த பாடம்.

"எனக்குத் தெரியல டீச்சர்" என்றார்.

அவர்கள் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள். எங்களையே முடிவெடுக்க விடுகிறார் பாருங்கள் என்று டாக்டர் நெகிழ்ந்துபோனார். மூக்கருக்கு மறுத்துப் பேசக்கூடத் தெம்பில்லை. கடைசிச் சுற்றுக்கு உட்காரச் சொல்லிச் செயலாளரம்மா கூப்பிட்டபோது, முட்டி வலி என்று சொல்லிவிட்டு, டாக்டரிடம் மட்டும் காலையில் நீங்கள் அடித்த வரிதான் சரி, இனிமேல் யாரைப் பார்த்தும் அடிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பொழுது சாயும் நேரத்துக்கு ஆலைக்கு வந்து சேர்ந்தார். பை கதவோரமாகவே இருந்தது. தம்பி ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். கால்களில் செருப்புதான் இருந்தது. வேலை முடிந்துபோன ஆளைப் போல இருந்தான்.

மூக்கர் ஒரு குவளையை எடுத்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவரே தொட்டியிலிருந்து பிடித்தார். பழக்கம் விட்டுப்போனதால் பாதிக்கு நுரைதான் வந்தது. முகராமல் அப்படியே தம்பியிடம் நீட்டினார். இன்னொரு பெட்டியைக் கவிழ்த்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, அவன் எதிரில் உட்கார்ந்தார். அவன் முகத்தைப் பார்த்தார். ஆறு மாதத்தில் அந்த முகம் இளைத்திருந்தது. காதோரம் நரைத்திருந்ததைக்கூட அவர் கவனித்திருக்கவில்லை.

தம்பி அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு முகர்ந்தான். இடது புருவம் ஏறியது. நன்றாக ஏறியது.

"ரெண்டு வாரம் போதுமா?" என்று கேட்டார் மூக்கர்.

"போதும்."

"வண்டிக்காரனுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

தம்பி தலையாட்டினான். அத்தோடு எழுந்து போயிருக்கலாம். வழக்கமான மூக்கர் போயிருப்பார். அன்று அவருக்கு எழுந்திருக்கவும் முடியவில்லை, மேலும் ஒளித்துவைக்கவும் முடியவில்லை.

"டேய், எனக்கு அந்த வாசனை தெரியலைடா. இன்னிக்கு நேத்து இல்ல. எப்பவுமே தெரிஞ்சதில்ல போலருக்கு. உன் புருவத்தைப் பாத்துப் பாத்துத்தான் சொல்லிட்டு இருந்திருக்கேன். இன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சது."

தம்பி ஆச்சரியப்படுவான் என்று எதிர்பார்த்தார். அல்லது, ஆறு மாதத்தையும் சேர்த்துவைத்து இப்போதாவது கத்துவான் என்று நினைத்தார். அவன் குவளையில் நுரை அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியும்ணே" என்றான்.

"என்ன தெரியும்?"

"உனக்கு அது தெரியாதுன்னு. முதல் தொட்டியிலேயே தெரியும். வெண்ணெய் ஆளைத் தூக்கி அடிச்சுது, நீ ஆஹா ஓஹோன்னே. பின்னே எனக்கென்ன, புருவம் தானா ஏறுற வியாதியா?"

மூக்கர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். சுவரில், சட்டத்துக்குள்ளே, 'உதவியாளர் ஒருவரும் இருக்கிறார்' என்ற வரி இங்கிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாக இருந்தது. அதை எழுந்து போய்க் கழற்ற வேண்டும் என்று நினைத்தார். தம்பிக்கு அவர் பார்வை போன இடம் தெரிந்திருக்க வேண்டும்.

"அது இருக்கட்டும்ணே. எனக்கு அது பெரிசில்ல." நிறுத்திக்கொண்டான். அப்புறம் பொய் சொல்ல மனமில்லாதவன் மாதிரி, "பெரிசுதான். ஆனா அதைவிடப் பெரிசு வேற" என்றான்.

"என்னடா?"

"இந்த ஆறு மாசமும் நான் தினம் புருவத்தைத் தூக்கிக்கிட்டுத்தான் நின்னேன். நீதான் நிமிந்து பாக்கல."

மூக்கர் நிமிர்ந்தார். கண் கலங்கி, எல்லாரும் பேர் சொல்லி மெச்சுகிற அந்த மூக்கு அசிங்கமாக ஒழுகத் தொடங்கியது. சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, அப்போதும் தம்பியின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், பையிலிருக்கிற பூட்ஸை எடுத்து மாட்டிக்கொள்ளும்படி அவனிடம் கேட்டார்.